பலமனேரிலிருந்து தெரியும் மேற்காசியா

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பங்காருபாளையத்தைக் கடந்து மொகிலி மலைப்பாதையில் ஏறினால் பலமனேர் வரும். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும் வரை வடஆற்காட்டின் தாலுகாக்களில் ஒன்றாக இருந்த ஊர். தமிழகமும் கர்நாடகமும் அருகிலேயே இருப்பதால் தெலுங்கோடு தமிழும் கன்னடமும் உருதும் அங்கே புழங்குகின்றன. தக்காளியையும் மாவையும் பால்மாட்டையும் நம்பி வாழும் இந்தப் பகுதிக்கும் புதுதில்லியின் அயலுறவுக் கொள்கைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 2025 ஜூன், ஜூலை மாதங்களில் அதற்கான விடை நெடுஞ்சாலை ஓரத்திலேயே குவிந்து கிடந்தது.

தமிழகத்தில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லப்படும் தோத்தாபுரி மாங்காய்தான் சித்தூர் மாவட்டத்தின் முதன்மையான பணப்பயிர்களில் ஒன்று. அப்படியே தின்பதற்கு விற்பதைவிட, கூழாக்கி விற்பதற்கே இது பெரிதும் பயிரிடப்படுகிறது. நம் கிருஷ்ணகிரியும் சித்தூரும்தான் தென்னிந்தியாவின் இரு பெரும் மாங்கூழ் மையங்கள். 2024இல் கிலோ 20 ரூபாய்க்கு மேல் விற்ற இந்தக் காய், 2025இல் சில இடங்களில் மூன்று ரூபாய்க்கும் நான்கு ரூபாய்க்கும் கேட்கப்பட்டது. ஆலை வாயில்களில் டிராக்டர்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றன. இறக்க இடமில்லாமல் வண்டியிலேயே காய் அழுகியது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்களும் உண்டு.

ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. ஆலைகள் எட்டு ரூபாய் தர வேண்டும், அரசு நான்கு ரூபாய் மானியம் தரும் என்பது கணக்கு. எட்டு ரூபாயைத் தர ஆலைகள் முன்வரவில்லை. அண்டை மாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று ஜூன் 7 அன்று தடை போடப்பட்டது. கோலார், சீனிவாசபுரம் விவசாயிகளின் வண்டிகள் எல்லையில் நிறுத்தப்பட்டன. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 9 அன்று எதிர்க்கட்சியான ஒய்எஸ்ஆர் காங்கிரசின் தலைவர் ஜெகன்மோகன் ரெட்டி பங்காருபாளையம் சந்தைக்கு வந்தார், சாலையில் மாங்காய் கொட்டப்பட்டது, வழக்குகள் பதிவாயின. இரண்டு மாநில விவசாயிகளை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்திவிட்டு, இரண்டு மாநிலக் கட்சிகள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டன. காய்க்கு விலை வரவில்லை.

ஆலை முதலாளிகள் சொன்ன காரணம் என்ன? சென்ற ஆண்டுக் கூழே விற்காமல் ட்ரம்களில் தேங்கிக் கிடக்கிறது, மேற்காசியாவில் போர், கப்பல் கட்டணம் ஏறிவிட்டது என்பதே. இந்திய மாங்கூழை நெடுங்காலமாக வாங்கி வரும் நாடுகளின் பட்டியலைப் பார்த்தால் சவுதி அரேபியா, ஏமன், குவைத், ஐக்கிய அரபு அமீரகம், அப்பால் நெதர்லாந்து, பிரிட்டன் என்று வரிசை நீளும். ஒன்று மேற்காசியச் சந்தை. இல்லையேல் மேற்காசியாவின் கடல் வழியே போக வேண்டிய ஐரோப்பியச் சந்தை. காஸா மீது இஸ்ரேல் தொடுத்த போரைத் தொடர்ந்து 2023 நவம்பர் முதல் செங்கடல் பாதை அபாயத்துக்குள்ளாகி, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. 2025இல் காய் பறிக்கும் நேரத்தில், ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரான்மீது குண்டு வீசியது. பன்னிரண்டு நாள் அந்தப் போர் நடந்தது.

ஆலைகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. விளைச்சல் மிகுந்த ஆண்டில் ஒன்றுசேர்ந்து விலையை அடிப்பது அவர்களுக்குப் பழக்கம்தான். பாதை திறந்திருந்து கப்பல் மலிவாக ஓடிய ஆண்டுகளில் கிடைத்த கூடுதல் இலாபத்தில் ஒரு பைசாவாவது மாந்தோப்புக்கு வந்ததா என்று அவர்களைக் கேட்க வேண்டும். அப்போது மாங்கூழுக்கு 12 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டுவிட்டு ஒன்றிய அரசு வேடிக்கை பார்த்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் போர் என்பது வெறும் சாக்கு மட்டுமல்ல. அது உண்மை. அந்தப் போரில் நமது அரசு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் பலமனேர் விவசாயியிடம் யாரும் சொல்லாத செய்தி.

2025 ஜூன் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் காஸாவில் உடனடிப் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் வந்தது. 149 நாடுகள் ஆதரித்தன. 12 நாடுகள் எதிர்த்தன. 19 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கிய பத்தொன்பதில் இந்தியாவும் ஒன்று. 2024 டிசம்பரில் இதே கோரிக்கையை ஆதரித்து வாக்களித்த நாடு, ஆறே மாதத்தில் பின்வாங்கியது. அந்த ஆறு மாதத்தில் காஸாவில் குண்டுவீச்சு முடிவுக்கு வரவில்லை. உணவுக்கு வரிசையில் நின்றவர்களும் சுடப்பட்டார்கள். அங்குள்ள சுகாதாரத் துறையின் கணக்குப்படி 2025 ஜூலைக்குள் 58,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஜூன் 14 அன்று, ஈரான்மீதான தாக்குதலைக் கண்டித்து ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு அறிக்கை வெளியிட்டது. ஈரான் அதன் உறுப்பு நாடு. இந்தியாவும் உறுப்பு நாடு. அந்த அறிக்கை தொடர்பான விவாதத்தில் தாங்கள் பங்கேற்கவில்லை என்று அறிவித்து இந்திய வெளியுறவு அமைச்சகம் விலகி நின்றது. ஜூலை 6 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரிக்ஸ் நாடுகள் ஈரான்மீதான தாக்குதலைக் கண்டித்தபோது இந்தியாவும் கையெழுத்திட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குண்டு விழுந்துகொண்டிருந்த வேளையில் வாய் திறக்காமல், ஓய்ந்தபின் கூட்டத்தோடு கூட்டமாகக் கையெழுத்திடுவது கொள்கை ஆகாது.

எழுந்து வரும் வல்லரசு, விஸ்வகுரு, உலகத் தெற்கின் குரல் என்றெல்லாம் பாஜக ஆட்சியாளர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். வளைகுடாவையும் மேற்காசியாவையும் இந்தியாவின் ‘விரிந்த அண்டைப் பகுதி’ என்று வெளியுறவு அமைச்சகத்தார் அழைப்பதும் வழக்கம். அந்த அண்டைப் பகுதியில் இந்த வல்லரசு எதைக் கட்டியிருக்கிறது?

2022 ஜூலையில் இந்தியா, இஸ்ரேல், அமீரகம், அமெரிக்கா சேர்ந்த ‘ஐ2யு2’ என்னும் நாற்கூட்டு. 2023 ஜனவரியில், அதானி குழுமம் பெரும்பங்கு வைத்துள்ள கூட்டு நிறுவனத்தின் கைக்கு இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகம். அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி ஜி20 மாநாட்டில் அறிவிக்கப்பட்ட இந்தியா–மேற்காசியா–ஐரோப்பா பொருளாதார வழித்தடம். அமீரகம், சவுதி, ஜோர்டான் வழியாக ஹைஃபா சென்று, அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் பாதை. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஈரான், துருக்கி, எகிப்து ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு அதானியின் துறைமுகத்தில் போய் முடிவதைக் காணலாம். அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் காஸா போர் தொடங்கியது. 2025 ஜூனில் ஹைஃபா நகரின்மேலேயே ஏவுகணைகள் விழுந்தன.

ஆயுதக் கணக்கு தனி. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020–24 காலத்தில் இஸ்ரேல் ஏற்றுமதி செய்த பெரும் ஆயுதங்களில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது இந்தியா. உலகிலேயே இஸ்ரேலின் மிகப்பெரிய ஆயுத வாடிக்கையாளர் நாம்தான். வாங்குவதோடு நிற்கவில்லை. ஹைதராபாத்தில் அதானி–எல்பிட் கூட்டு ஆலையில் ஹெர்மிஸ் ட்ரோன்கள் தயாராகின்றன. அவை காஸா போர் நடக்கும்போதே இஸ்ரேலுக்கு அனுப்பப்பட்டதாக 2024 தொடக்கத்தில் செய்திகள் வெளிவந்தன. பாலஸ்தீனத் தொழிலாளர்களின் வேலை அனுமதியை இஸ்ரேல் பறித்தபோது, அந்த இடத்தை நிரப்ப உத்தரப்பிரதேசத்திலும் ஹரியானாவிலும் ஆள் எடுத்தார்கள். மத்தியத் தொழிற்சங்கங்கள் கூட்டாக எதிர்த்தும் அரசு கேட்கவில்லை. 2024 மார்ச்சில் இஸ்ரேலின் வட எல்லையில் ஏவுகணை விழுந்து கேரளத் தொழிலாளி ஒருவர் இறந்தார்.

இன்னொரு பக்கம் ஈரான். 2018 வரை நமக்குப் பெருமளவில் கச்சா எண்ணெய் தந்த நாடு. கடன் தவணையிலும் சலுகைக் கப்பல் கட்டணத்திலும் தந்த நாடு. டிரம்ப் மிரட்டியதும் 2019 மே மாதத்தோடு அந்த இறக்குமதி நின்றது. இந்தியப் பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் 2008இல் கண்டுபிடித்த ஃபர்சாத்–பி எரிவாயு வயலை, பேச்சிலேயே காலம் ஓடியபின், 2021இல் ஈரான் தன் நாட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. சபஹார் துறைமுகத்தில் 2024 மே மாதம் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டோம். கையெழுத்தின் மை காயுமுன் அமெரிக்க வெளியுறவுத் துறை தடை அபாயத்தை நினைவூட்டியது. வாஷிங்டன் கண் சிவந்தால் எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதைக்கூடச் சொந்தமாகத் தீர்மானிக்க முடியாத நிலைக்குப் பெயர் போர்த்தந்திரத் தன்னாட்சி.

இந்தச் சரிவு 2014இல் தொடங்கியதல்ல. 2005 செப்டம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக வாக்களித்தது மன்மோகன் சிங் அரசு. அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டுக்கான விலையின் ஒரு பகுதி அது என்று இடதுசாரிகள் அப்போதே சொன்னார்கள். ஈரான் குழாய்வழி எரிவாயுத் திட்டத்தை ஆர்வத்தோடு முன்னெடுத்த மணிசங்கர் ஐயர், 2006 ஜனவரியில் பெட்ரோலியத் துறையிலிருந்து மாற்றப்பட்டார். காங்கிரஸ் தயங்கித் தயங்கி நடந்த பாதையில் பாஜக ஓடுகிறது என்பதே வேறுபாடு. அத்துடன் சியோனிசத்தின் மீது ஆர்எஸ்எஸ்சுக்கு உள்ள தத்துவார்த்தக் கவர்ச்சியும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

மாங்காயிலிருந்து விலகிவிட்டோம் என்று வாசகர் நினைக்க வேண்டாம். பலமனேர் பகுதியிலிருந்து மேற்காசியாவுக்குப் போவது மாங்கூழ் மட்டுமல்ல. மனிதர்களும் போகிறார்கள்.

கடப்பை, அன்னமய்யா, சித்தூர் மாவட்டங்களுக்கும் குவைத்துக்கும் உள்ள உறவு மூன்று தலைமுறைப் பழமை உடையது. மழை பொய்க்கும் ராயலசீமையில், ஆழ்துளைக் கிணறு வற்றிய வீட்டிலிருந்து ஒருவர் குவைத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஆண்கள் ஓட்டுநராக, கட்டட வேலைக்கு, ஆடு ஒட்டக மேய்ச்சலுக்குப் போகிறார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு முப்பது வயது நிரம்பாத பெண்ணை வேலைக்கு அனுப்பக் கூடாது, அரசு முகமைகள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியைச் சுற்றிக்கொண்டு, சுற்றுலா விசாவில் மும்பையோ கொழும்போ வழியாக அனுப்பும் தரகர்களும் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட் எஜமானரிடம். கஃபாலா முறையில் எஜமானர் அனுமதியின்றி வேலை மாற முடியாது, ஓடினால் குற்றவாளி.

குவைத்தில் வீட்டுத் தொழிலாளருக்கு 2015இலேயே தனிச்சட்டம் வந்தது. வார விடுப்பு, பன்னிரண்டு மணி நேர உச்சவரம்பு, மாதம் 60 தினார் குறைந்தபட்ச ஊதியம் எல்லாம் ஏட்டில் உண்டு. கதவைச் சாத்திக்கொண்ட வீட்டுக்குள் அதை யார் போய்ச் சோதிப்பது? இந்தியப் பெண்ணை வேலைக்கு அமர்த்தும் முதலாளி 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்று நமது அரசு ஒருகாலத்தில் வைத்திருந்த நிபந்தனையை, குவைத் முதலாளிகளின் எதிர்ப்புக்குப் பணிந்து 2017இல் மோடி அரசே விலக்கிக்கொண்டது. சம்பளம் தராமல் விரட்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஊர் திரும்பச் செலவுக்காவது பிடிமானமாக இருந்த தொகை அது. ஆயுதம் வாங்கும்போது பேரம் பேசத் தெரிந்த அரசுக்கு, தன் நாட்டுப் பணிப்பெண்ணுக்காகப் பேரம் பேசத் தெரியவில்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 45 இந்தியர்கள் மாண்டார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள், மூவர் ஆந்திரர்கள், பெரும்பகுதியினர் கேரளத்தவர். ஆறு மாதம் கழித்துப் பிரதமர் மோடி குவைத் சென்றார். 43 ஆண்டுகளுக்குப்பின் ஓர் இந்தியப் பிரதமரின் பயணம் என்று கொண்டாடினார்கள். தொழிலாளர் முகாமுக்குப் போய் அவர்களோடு அமர்ந்து உண்டார், படங்கள் வந்தன. உயரிய விருது கிடைத்தது. இரு நாட்டு உறவு ‘போர்த்தந்திரக் கூட்டாண்மை’யாக உயர்த்தப்பட்டது, பாதுகாப்புத் துறை ஒப்பந்தம் கையெழுத்தானது. கஃபாலா முறைக்கு முடிவு கட்டும் சொல் அதில் ஒன்றும் இல்லை.

வளைகுடா நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். 2024–25இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பிய பணம் 13,500 கோடி டாலரைத் தொட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளைகுடாவிலிருந்து வருவது. இவர்களே மேற்காசியாவுடனான நமது உறவின் பெரும் பகுதி. ஹைஃபா துறைமுகமல்ல. போர் மூண்டால் முதலில் சிக்குபவர்களும் இவர்களே. 2025 ஜூன் 23 அன்று கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின்மீது ஈரானின் ஏவுகணைகள் பாய்ந்தபோது, குவைத், பஹ்ரைன், கத்தார் வான்வெளிகள் மூடப்பட்டன. அன்றிரவு வளைகுடாவில் உறவினர் உள்ள வீடுகளில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

1990 ஆகஸ்டை இங்கே நினைவுபடுத்த வேண்டும். சதாம் உசேனின் படை குவைத்தைக் கைப்பற்றியது. அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேலான இந்தியர்கள் சிக்கிக்கொண்டார்கள். வி.பி. சிங் அரசின் வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாமைச் சந்தித்தார். ஈராக் வழியாக ஜோர்டானின் அம்மானுக்கு நம் மக்கள் வந்து சேர வழி கிடைத்தது. ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு மாத காலம் ஓயாமல் பறந்து சுமார் 1,70,000 பேரைத் தாயகம் சேர்த்தன. சதாமைக் கட்டித் தழுவியது சரியா என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தப் படம் இன்றும் ஏளனம் செய்யப்படுகிறது. ஆனால் ஈராக், குவைத், ஜோர்டான் எல்லாவற்றுடனும் பேசக்கூடிய நாடாக இந்தியா இருந்ததால்தான் அத்தனை கூலித் தொழிலாளர்களும் வீடு திரும்பினார்கள். பொதுத்துறையில் ஒரு விமான நிறுவனம் இருந்ததும் உதவியது. அது இன்று டாட்டாவிடம் இருக்கிறது.

1947இல் பாலஸ்தீனப் பிரிவினையை எதிர்த்து வாக்களித்ததும், 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அரபு அல்லாத நாடுகளில் முதலாவதாக அங்கீகரித்ததும், 1988இல் பாலஸ்தீன அரசை ஏற்றதும் சேர்த்துவைத்த நம்பிக்கையின் மீதுதான் அந்த விமானங்கள் பறந்தன. அணிசேராமை பழங்கதை என்று சொல்வோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தச் சேமிப்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதையும் 2025 ஜூன் காட்டியது. ஷாங்காய் அமைப்பின் அறிக்கையிலிருந்து இந்தியா விலகி நின்ற அதே வாரத்தில், மூடிக்கிடந்த தன் வான்வெளியை இந்திய மாணவர்களை ஏற்றிவரும் விமானங்களுக்காக ஈரான் திறந்துவிட்டது. தாக்கப்பட்ட நாடு நம்மிடம் காட்டிய நாகரிகம் அது. தாக்கியவரைப் பெயர் சொல்லிக் கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை.

எல்லோருடனும் நட்பு, யாருக்கும் எதிரி இல்லை, இஸ்ரேலுடன் ஒரு கணக்கு, அரபு நாடுகளுடன் ஒரு கணக்கு, ஈரானுடன் வேறு கணக்கு, இதுவே புதிய இராஜதந்திரம் என்று அமைச்சர் ஜெய்சங்கரின் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அரபு மன்னர்களே இஸ்ரேலுடன் கைகுலுக்கும்போது நமக்கென்ன என்றும் கேட்கிறார்கள். அந்த மன்னர்கள் பாலஸ்தீனருக்கும் நண்பர்களல்ல, தங்கள் நாட்டில் உழைக்கும் நம்மவர்க்கும் நண்பர்களல்ல. அவர்களை நமக்கு வழிகாட்டியாகக் கொள்ள வேண்டிய அவசியமில்லை. கணக்குகள் தனித்தனி என்பதும் அமைதிக்காலப் பேச்சு. குண்டு விழும் நாளில் எல்லாக் கணக்கும் ஒரே பக்கத்தில் எழுதப்படுகிறது. உலகின் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகிறது; நாம் இறக்குமதி செய்யும் சமையல் எரிவாயுவில் மிகப்பெரும் பகுதி வளைகுடாவிலிருந்து வருகிறது. ஈரான் போர் தொடங்காத 2025 ஏப்ரலிலேயே சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றியவர்கள், நீரிணை அடைபட்டால் என்ன செய்வார்கள் என்பதைப் பலமனேரின் எந்தக் குடும்பத் தலைவியிடமும் கேட்கலாம்.

நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் 2025 ஜூலை 21 அன்று தொடங்கியது. பெரும்பான்மை இல்லாத மோடி அரசு, தெலுங்கு தேசத்தின் 16 உறுப்பினர்களை ஊன்றிக்கொண்டு நடக்கிறது. நாயுடுவின் சொந்தத் தொகுதியான குப்பமும் இதே சித்தூர் மாவட்டத்தில், மாந்தோப்புகளும் குவைத்துக் குடும்பங்களும் உள்ள மண்ணில்தான் இருக்கிறது. அவருடைய கட்சி அதுவரை காஸா வாக்கெடுப்பு பற்றியோ ஈரான் பற்றியோ ஒரு கேள்வி எழுப்பியதாகத் தெரியவில்லை. ஜெகனின் கட்சியும் எழுப்பியதாகத் தெரியவில்லை. இடதுசாரி உறுப்பினர்கள் எழுப்புவார்கள். இஸ்ரேலுடனான ஆயுத வணிகத்தை நிறுத்துக. அங்கே ஆள் அனுப்பும் உடன்பாட்டை ரத்து செய்க. போர்நிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களிக்க மறுத்த காரணத்தை அவையில் விளக்குக என்று கேட்பார்கள். குவைத் உள்ளிட்ட நாடுகளுடன் பாஸ்போர்ட், ஊதியம், வேலை மாற்றம் மூன்றையும் கட்டாயமாக்கும் தொழிலாளர் ஒப்பந்தமும், வீட்டுப் பணிப்பெண்களுக்கு மீண்டும் வங்கி உத்தரவாதமும் கோருவார்கள். தோத்தாபுரிக்குச் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் மூன்று மாநில விவசாயிகளுக்கும் ஒரே விலையும் அதே பட்டியலில் இருக்கும்.

சித்தூர் மாவட்டத்து விவசாயிகளின் போராட்டத்தில் கிருஷ்ணகிரி, கோலார் விவசாயிகளும் கைகோக்க வேண்டும். எல்லையில் லாரியை மறிக்க ஆந்திர அரசுக்கு ஆள் கிடைத்தது. எட்டு ரூபாயைக் கட்டாத ஆலைகளிடம் அந்த வேகம் காட்டப்படவில்லை.